பிரஷர் டேம்பரும் பதினான்காம் சுற்றறிக்கையும்

அந்தப் பெயிண்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ஹெல்மெட். தலைக்கவசம் இல்லாமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விடமாட்டார் என்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னாலும் மண்டைக்குள் இறங்காது என்பதால் வந்தது என்பது மற்றவர்கள் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

வீட்டிலும் அவர் பதவியிலேயே இருந்தார். மாடிப்படியின் ஒவ்வொரு ஓரத்திலும் மஞ்சள் பட்டை ஒட்டியிருப்பார். கேஸ் அடுப்புக்கு மேலே 'அணைத்தீர்களா?' என்று ஒரு அட்டை. குளியலறைக் கதவில், வழுக்கி விழும் மனிதனின் படம். அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்ததில் அவருடைய பத்து வயது மகள் ஒருமுறை நிஜமாகவே வழுக்கி விழுந்தாள். அதன் பிறகு படத்துக்குக் கீழே 'படத்தைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்' என்று இன்னொரு வரி சேர்ந்தது.

அப்பேர்ப்பட்டவருடைய காரில் பெட்ரோல் நாற ஆரம்பித்தது.

முதலில் லேசாகத்தான். சிக்னலில் நிற்கும்போது ஒரு வீச்சம் வரும், வண்டி நகர்ந்தால் போய்விடும். கூடவே ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. தையல் மெஷின் ஓடுவது போல 'டக டக டக'வென்று முன்பக்கத்திலிருந்து வரும். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் ஒரு சின்ன நடுக்கம் தெரியும். ஹெல்மெட் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். ஒரு வாரம் இப்படியே ஓடியது. பின் ஸீட்டில் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்த பிறகுதான் காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்.

அங்கே கண்ணாடி அறை, குளுகுளு காற்று, இலவசக் காபி. டை கட்டிய ஆலோசகர் ஒருவர் கையில் டேப்லெட்டுடன் வந்தார். காருக்குள் ஒரு வயரைச் செருகி, கம்ப்யூட்டரைப் பார்த்து, மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"சார், உங்க வண்டி பக்கா. ஒரு எரர் கோடு கூடக் காட்டல."

"பெட்ரோல் வாசனை வருதே?"

"வாசனைக்கு கோடு கிடையாது சார்."

ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது அந்த நிறுவனத்தின் வழக்கம் இல்லை. பிளக்குகளை மாற்றினார்கள். காற்று ஃபில்டரை மாற்றினார்கள். ஸீட்டுகளை நுரை போட்டுக் கழுவினார்கள். முன் கண்ணாடியில் எலுமிச்சை வாசனைக் குப்பி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் நாற்பத்திரண்டு கட்டங்கள், நாற்பத்திரண்டிலும் டிக். ஹெல்மெட்டுக்குக் கண் நிறைந்துபோயிற்று. தொழிற்சாலையில் அவர் எவ்வளவு மன்றாடியும் ஒருவரும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்ததில்லை. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். ஒரு மணி நேரப் பயணம். இப்போது காருக்குள் எலுமிச்சையும் பெட்ரோலும் கலந்து வீசின.

"என்னங்க, நாத்தம் போகவே இல்ல. தலை சுத்துது," என்றாள் மனைவி.

"நாப்பத்திரண்டு டிக்," என்றார் ஹெல்மெட்.

"டிக் இருக்கட்டும். மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"உனக்கு எப்பவுமே மூக்கு கொஞ்சம் அதிகம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்த டக டகவையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். பம்ப், குழாய், அழுத்தம், கசிவு இவற்றோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவள். வீடு வந்ததும் உடைகூட மாற்றாமல், "எஞ்சினை அணைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு பானட்டைத் திறந்தாள். கைப்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டினாள். எஞ்சினின் அங்கங்களில் ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டாள். நெஞ்சுச் சளிக்காரரைப் பார்ப்பது போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஹெல்மெட்டுக்கு மானம் போயிற்று.

"போதும், அணைச்சிடுங்க," என்றாள். "இப்படி வாங்க. இந்த நீளக் குழாய் தெரியுதா? இதுலேருந்துதான் எஞ்சினுக்குள்ள பீச்சுற நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் போகுது. ஒவ்வொண்ணும் திறந்து மூடுறப்ப குழாய்க்குள்ள ஒரு உதை விழும். நிமிஷத்துக்கு ஆயிரம் உதைக்கு மேல. அந்த உதையை வாங்கிக்கத்தான் குழாய் முனையில இந்தக் குட்டி டப்பா. பிரஷர் டேம்பர்."

விரல் கனத்துக்கு ஒரு மரையாணி, அதன் மேல் வட்டமாக ஒரு உலோகத் தொப்பி. கார் வாங்கி ஒன்பது வருடத்தில் ஹெல்மெட் அதைப் பார்த்ததே இல்லை.

"உள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கு, அதுக்குப் பின்னாடி ஸ்பிரிங். உதை வந்தா சவ்வு கொஞ்சம் பின்வாங்கி வாங்கிக்கும், அப்புறம் பழைய இடத்துக்கு வந்துடும். இதுல சவ்வு கிழிஞ்சுபோச்சு. அதனால உதையெல்லாம் குழாயிலயே விழுது. நீங்க கேக்கிற டக டக அதுதான். கிழிசல் வழியா வர்ற பெட்ரோல் தொப்பியோட துளையில கசிஞ்சு, சூட்டு எஞ்சின் மேல சொட்டி ஆவியாகுது."

"அப்ப கம்ப்யூட்டர் ஏன் காட்டல?"

"இதுக்கு வயரே கிடையாதுங்க. இப்படி ஒருத்தன் இங்க உட்கார்ந்து உதை வாங்கிட்டிருக்கான்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் அவருக்கு அகப்படவில்லை. அகப்படாததே எரிச்சலாக இருந்தது. "சர்வீஸ் சென்டர்ல படிச்சவங்க இருக்காங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் காரின் கையேட்டைப் புரட்டி, உதிரிப்பாகக் கடைக்குப் போன் செய்து, பாகத்தின் எண்ணைச் சொன்னாள். மறுநாள் காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து அரை நாள் லீவு சொன்னாள்.

"நாளைக்கு நானே மாத்திடறேன். அதுவரைக்கும் காரைத் தொடாதீங்க. விளையாட்டு இல்லை, தீப்பிடிக்கும்."

தீப்பிடிக்கும் என்று தன்னிடமே ஒருத்தி சொல்லிவிட்டாளே என்று ஹெல்மெட்டுக்கு வெகுநேரம் மனம் ஆறவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. தொழிற்சாலையில் தீப் பாதுகாப்பு வாரத்தின் தொடக்க விழா. இயக்குநர் தலைமை, தீயணைப்பு நிலைய அதிகாரி சிறப்பு விருந்தினர். விழாவுக்கான பன்னிரண்டு சுவரொட்டிகள், இரண்டு ஆளுயர அட்டைகள், ஒரு சுருள் சிவப்புத் துணி எல்லாம் ஹெல்மெட்டின் வீட்டுக் கூடத்தில் கிடந்தன. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதா? மனைவி உதிரிப்பாகக் கடைக்குக் கிளம்பியதும் அவர் சாவி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதானே. நாற்பத்திரண்டு டிக் பொய் சொல்லுமா?

வழியில் நான்கு சிக்னல். நாலாவதில் அவருக்கே கண் எரிந்தது.

தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் எழுபது நிறுத்தங்களின் பெயரை மனப்பாடமாகச் சொன்னவர், இப்போது பாதுகாப்புப் பிரிவின் சுற்றறிக்கைகளை அதே மாதிரி நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். அந்தத் தொழிற்சாலையில் ஹெல்மெட் எழுதியதை முழுவதும் படித்த ஒரே மனிதர் அவர்தான்.

கார் கேட்டுக்கு நடுவில் வந்ததும் கண்டக்டர் கையை நீட்டினார். குனிந்து முகர்ந்தார்.

"சார், எஞ்சினை அணைங்க."

"நான்தான்யா."

"தெரியுது சார். அணைங்க. பெட்ரோல் வாசனை வருது. பதினாலாம் சுற்றறிக்கை."

ஹெல்மெட் அணைத்தார். அவர் எழுதியதுதான் அது. தின்னரும் பெயிண்ட்டும் பீப்பாய் பீப்பாயாக இருக்கும் இடத்துக்கு, கசியும் வண்டி ஒன்றும் வரக்கூடாது என்பதற்காக எழுதியது.

"சரி, நான் ரிவர்ஸ்ல எடுத்து வெளிய நிறுத்திடறேன்."

"மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது சார். இரண்டாம் பத்தி."

"அப்ப ஆளுங்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லு."

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்: "'பழுது நீக்கப்படும் வரை மேற்படி வாகனத்தை இயந்திர சக்தியாலோ மனித சக்தியாலோ நகர்த்துதல் கூடாது.' மூணாம் பத்தி. அதுக்குக் கீழ உங்க கையெழுத்து."

அந்தப் பத்தியை எதற்காக எழுதினோம் என்று ஹெல்மெட் யோசித்துப் பார்த்தார். காரணம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சுற்றறிக்கை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதியிருக்கலாம்.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அடுத்து இயக்குநரின் கார். அதற்கும் பின்னால், செயல்விளக்கத்துக்காக வரவழைக்கப்பட்ட தீயணைப்பு வண்டி, சிவப்பாக, பெரிதாக, மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. ஹெல்மெட்டின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வரிசையில் முதலாவதாக நிற்பது தன்னுடைய கார் என்பதை மறைக்க, ஆளுயர அட்டை ஒன்றை எடுத்து நம்பர் பிளேட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்தார். 'அலட்சியமே முதல் பொறி' என்று அதில் எழுதியிருந்தது.

வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் செய்தார். அவள் அப்போதுதான் கடையிலிருந்து திரும்பி, காலியாக இருந்த கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கேட்ல. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல."

"பானட்டைத் திறந்து வைங்க. ஆறட்டும். யாரையும் பக்கத்துல விடாதீங்க," என்றாள்.

அவள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது கேட்டைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக எஞ்சினிடம் போனாள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினாள். உள்ளிருக்கும் அழுத்தம் வெளியேற, பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திறந்துவிட்டாள். தொழிற்சாலை ஃபிட்டர் நீட்டிய ஸ்பேனர்களில் சரியானதைப் பொறுக்கினாள்.

"தீயணைப்பான் ஒண்ணு எடுத்துட்டு நில்லுங்க," என்றாள் கணவரிடம். "பின்னைப் பிடுங்க வேண்டாம். கையை மட்டும் அதுமேல வச்சுக்கங்க."

பதினாறு வருடமாகத் தீயணைப்பான் பிடிப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் ஹெல்மெட். தேவைப்படும் என்ற பயத்தோடு அதைப் பிடித்தது அன்றைக்குத்தான். இத்தனை கனமாக இருக்கும் என்று அவர் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

மனைவி டேம்பரைச் சுற்றித் துணியை வைத்து, மெல்ல, கால் சுற்று தளர்த்தினாள். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். துணி நனைந்தது. காத்திருந்து இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கழற்றி எடுத்தாள். டப்பாவைக் கவிழ்த்ததும் தொப்பியின் துளை வழியாகப் பெட்ரோல் சொட்டியது. அது உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே எஞ்சினின் மேல் ஒரு நீளக் கறை, ஈரம் காயாமல், புகைப்போக்கிக் குழாய்க்கு இரண்டு விரல் தள்ளி நின்றிருந்தது.

ஹெல்மெட் அந்த இரண்டு விரலைப் பார்த்தார். நேற்று இந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் வந்திருக்கிறார். பின் ஸீட்டில் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தீயணைப்பானை ஊன்றிக்கொண்டுதான் நின்றார்.

அவள் பழைய வாஷர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வாஷர் வைத்தாள், புது டேம்பரைக் கையால் திருகினாள், கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினாள். கொட்டியதைத் துடைத்து, நனைந்த துணிகளை மூடியுள்ள டின்னில் போட்டு ஃபிட்டரிடம் கொடுத்தாள். சற்று காற்றாட விட்டு, பேட்டரியை இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் மூன்று முறை திருப்பினாள். குழாயில் பெட்ரோல் ஏறியது. டிஷ்யூ காகிதத்தால் டேம்பரைச் சுற்றி ஒற்றினாள். காகிதம் காய்ந்தே இருந்தது.

அப்போதுதான் தீயணைப்பு அதிகாரி கைதட்டினார்.

"பிரமாதம்!" என்றார் இயக்குநரிடம். "எத்தனையோ ஒத்திகை பார்த்திருக்கேன். இவ்வளவு தத்ரூபமா பார்த்ததே இல்ல. நிஜப் பெட்ரோல், நிஜக் கசிவு! அதிகாரியோட காரையே நிறுத்துற காவலர்! அந்தப் பயந்த முகத்தைப் பாருங்க, என்ன நடிப்பு!"

லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டதற்கு யாரை வேலையை விட்டுத் தூக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த இயக்குநரின் முகம் நொடியில் மாறியது. "நம்ம பாதுகாப்புப் பிரிவோட ஏற்பாடு. ரெண்டு மாசமாத் திட்டம் போட்டோம்," என்றார். ஹெல்மெட்டின் தோளில் கை போட்டு, காதுக்குள், "ஒத்திகைதான். புரியுதா?" என்றார்.

ஹெல்மெட் தலையாட்டினார்.

"மெக்கானிக்கா நடிச்ச இந்த அம்மா யாரு?" என்று அதிகாரி கேட்டார். மனைவி கையில் பெட்ரோல் நாற்றத்தோடு நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஸ்பேனர்களைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

விழா தொடங்கியது. இயக்குநர் பேசினார். அதிகாரி 'மிகச் சிறந்த ஒத்திகை' என்று அங்கேயே ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பிறகு ஹெல்மெட்டை மைக்குக்கு அழைத்தார்கள். தயாரித்து வைத்த உரை சட்டைப்பையில் இருந்தது. எடுத்தார், விரித்தார், மறுபடி மடித்து வைத்தார்.

எந்த விபத்தானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு எழுத வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த படிவம். அதையே சொல்ல ஆரம்பித்தார்.

"இது ஒத்திகை இல்லை. ஏன் கசிந்தது? சவ்வு கிழிந்தது. ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை? என் மனைவி கண்டுபிடித்தார். அப்படியானால் ஏன் கார் சாலைக்கு வந்தது? நான் சாவியை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? என்னிடம் நாற்பத்திரண்டு டிக் போட்ட தாள் இருந்தது. ஏன் மனைவியை விட்டுவிட்டுத் தாளை நம்பினேன்? தாள் என்னைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று ஒருபோதும் சொல்லாது."

சிரிப்பும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன. "கடைசி வரைக்கும் பாத்திரத்தை விட்டு வெளியவே வரல பாருங்க!" என்று அதிகாரி எழுந்து நின்று தட்டினார். "நிஜமாகத்தான் சொல்கிறேன்," என்றார் ஹெல்மெட். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த கண்டக்டர் ஒருவர் மட்டும் தட்டவில்லை. அவர் முகர்ந்து பார்த்தவர்.

ஒரு வாரத்தில் சான்றிதழ் சட்டம் போடப்பட்டு வரவேற்பறையில் ஏறியது. அடுத்த வருடம் இதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று இயக்குநர் குறிப்பு அனுப்பினார். கண்டக்டருக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது: கடமை தவறாமைக்குப் பாராட்டு ஒன்று, இயக்குநரின் காரைக் காக்க வைத்ததற்கு எச்சரிக்கை ஒன்று. பதினான்காம் சுற்றறிக்கையிலிருந்து அதிகாரிகளின் வண்டிகளை நீக்கச் சொல்லி ஒரு தாள் ஹெல்மெட்டின் மேசைக்கு வந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு முறை நினைவூட்டினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

அதெல்லாம் பிறகு. விழா நாளன்று மதியம், ஆஸ்பத்திரியில் இறக்கிவிடக் கிளம்பியபோது, மனைவியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. இரண்டு சிக்னல் தாண்டினார்கள்.

"மேடையில நான் பேசினதைக் கேட்டியா?" என்றார் அவர்.

"இல்ல. ஃபிட்டர்கிட்ட ஸ்பேனரை எண்ணிக் குடுத்துட்டிருந்தேன். கைதட்டுறது மட்டும் கேட்டுச்சு."

"நல்ல பேச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அப்படியா."

மூன்றாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் முதல் 'ஏன்'னிலிருந்து ஆரம்பித்தார். மைக் இல்லாமல் சொல்வது கஷ்டமாக இருந்தது. நேற்று மகளை வைத்துக்கொண்டு போனதை, மேடையில் சொல்லாததை, நடுவில் சேர்த்துச் சொன்னார். கேட் அருகில் அவளை யாரென்று அதிகாரி கேட்டபோது வாயடைத்து நின்றதையும் சொன்னார். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்து அடித்தார்கள். அவர் ஐந்தாவதைச் சொல்லி முடிக்கும் வரை அவள் வண்டியை எடுக்கவில்லை.